நெல் ஜீனோம்ல பிஎச்டி, மனுஷ பரிணாம ஜெனிடிக்ஸ்ல போஸ்ட்டாக் கிடைக்குமா?

நகரிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் சித்தூர் பக்கம் நகரி, வீட்ல தமிழ் வெளிய தெலுங்கு. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் டேட்டாவ கம்ப்யூட்டர்ல அலசுறது) பிஎச்டி, தீசிஸ் எழுதிட்டிருக்கேன், வேலை முழுக்க நெல் ஜீனோம், அதாவது நெல்லோட முழு டிஎன்ஏதான். ஆனா ஆசையெல்லாம் மனுஷங்க எப்படி பரவுனாங்க, எங்க கலந்தாங்கன்னு டேட்டால இருந்து கண்டுபிடிக்கிறதுல. பிஎச்டிக்கு அப்புறம் செய்யற ஆராய்ச்சி வேலைக்கு, அதான் போஸ்ட்டாக்குக்கு, என்னை எடுப்பாங்களா? ஐதராபாத்ன்னா வீட்ல சரிங்கிறாங்க, வெளிநாடுன்னா அம்மா பேச்சே எடுக்க விடல.

ஜீன்_பித்தன்:
தாராளமா எடுப்பாங்கமா. நெல்லு தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கிற செடி, அம்மா வழி, அப்பா வழி டிஎன்ஏ காப்பி ரெண்டும் ஒண்ணா இருக்குற நீளத் துண்டெல்லாம் உனக்கு பழகிப்போனது, நம்ம ஜனங்க டேட்டாலயும் அதான் விஷயமே, அக்கா பொண்ணு மாமன் பொண்ணு கட்டுறது, சாதிக்குள்ளயே கல்யாணம், எல்லாம் ஜீனோம்ல அப்படியே பதிஞ்சிருக்கு. 2017ல நேச்சர் ஜெனிடிக்ஸ்ல வந்த பேப்பர் படி, ஐதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி மையத்து தங்கராஜ் சாரும் அதுல இருக்கார், 263 தெற்காசிய சமூகத்துல 81ல ஃபவுண்டர் எஃபெக்ட் (கொஞ்ச பேர்ல இருந்தே ஒரு சமூகம் பெருகுனதால சில ஜீன் மாற்றங்கள் அதிகமாகுறது) ஃபின்லாந்துக்காரங்களயும் அஷ்கெனாசி யூதர்களயும் விட அதிகம். உங்க ஆந்திரா வைசியர்கள்ல சிலருக்கு ஆபரேஷன்ல குடுக்கிற ஒரு தசை தளர்த்துற மருந்து உடம்புல சீக்கிரம் உடையாது, மூச்சு திரும்ப ரொம்ப நேரமாகும், அதுக்கும் இதான் காரணம். இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி இல்ல, உசுரு சம்பந்தப்பட்டது.

வேகன்சி வரட்டும்னு காத்திருக்காத. 1000 ஜீனோம்ஸ்ங்கிற பொது டிஎன்ஏ டேட்டால பிரிட்டன்ல இருக்குற தெலுங்குக்காரங்க, இலங்கைத் தமிழர் ரெண்டு செட்டும் இருக்கு, யார் வேணா இறக்கலாம். 22ஆவது குரோமோசோம் மட்டும் எடுத்து பிளிங்க்ங்கிற சாஃப்ட்வேர்ல ஹோமோசைகஸ் துண்டுகளோட (மேல சொன்ன, ரெண்டு காப்பியும் ஒண்ணா இருக்குற துண்டு) நீளத்தப் பாரு, லேப்டாப்பே போதும்.

பாலக்காட்டான்:
பணம் எங்கன்னும் பாக்கணும்ல. இந்தியாலயேன்னா என்பிடிஎஃப்ங்கிற மத்திய அரசு போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இருக்கு, 2 வருஷம், வயசு வரம்பு 35, பொண்ணுங்களுக்கு 5 வருஷம் தளர்வு. சேர இடம்னா ஐதராபாத் சிசிஎம்பி, மேற்கு வங்கம் கல்யாணில இருக்குற என்ஐபிஎம்ஜி ஜீனோம் ஆராய்ச்சி மையம், பழைய எலும்பு டிஎன்ஏன்னா லக்னோ பீர்பால் சாஹ்னி மையம். வெளிய போறதா இருந்தா ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி ஃபெலோஷிப், கடைசி தேதி வழக்கமா செப்டம்பர்ல வரும், அதுக்குள்ள டிஃபென்ஸ் (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) முடிஞ்சிருக்கணும், எம்போங்கிற இன்னொரு ஐரோப்பிய ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி வாங்கி 2 வருஷம் தாண்டக்கூடாது. அதனால தீசிஸ இழுக்காதீங்க.

நகரிக்காரி:
ரொம்ப நன்றிங்க. மெயில்ல என்ன எழுதட்டும்?

ஜீன்_பித்தன்:
"உங்க ஆராய்ச்சி பிடிச்சிருக்கு"ன்னு மட்டும் அனுப்பாத, அந்த மாதிரி தினம் குவியும். அவங்க பேப்பர் ஒண்ண எடுத்து, அதுல விடை வராத ஒரு கேள்விய ரெண்டு வரில சொல்லு, கீழ அந்த டேட்டால நீ போட்ட கிராஃப் ஒண்ணு, உன் கோட் இருக்குற கிட்ஹப் லிங்க், சிவி. அவ்ளோதான். பத்து நாள் பதில் இல்லன்னா மறுபடி ஒரு தடவ கேளு, அதுல தப்பே இல்ல. அம்மாகிட்ட இப்பவே வெளிநாட்டு பேச்ச எடுக்க வேணாம், முதல்ல சிசிஎம்பிக்கு எழுது.