அக்காவை பாலாய்க்குக் கூட்டிப் போன அந்த இரவு

எங்களுடையது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துப் பட்டணம், சுற்றிலும் செம்பனை. மாமா, அதாவது அக்கா புருஷன், என் அக்காவை அடிப்பது லயத்தில், எங்கள் தோட்ட வீட்டு வரிசையில், எல்லோருக்கும் தெரியும். "குடிச்சா மட்டும்தானே" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓட்டிவிட்டோம், நானும்தான். 2019-இல் ஒரு நாள் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். முன்கை வீங்கி, கண்ணாடி வளையல் உடைந்து சதைக்குள் ஏறியிருந்தது.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், இருந்தவர் "குடும்பச் சண்டை, வீட்டில் பேசிக்கோங்க" என்றார். அக்கா எழுந்துவிட்டாள், நான் எழவில்லை. ரிப்போட் எடுங்கள், நகலும் வேண்டும் என்றேன். எடுத்தார்கள், ஆனால் மலாயில் "கணவர் தள்ளினார்" என்று மட்டும் இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்ததால் தப்பித்தோம். காம்பு, வளையல், எந்தக் கை, எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னேன். தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவில் காயப்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். அடிபட்டவர் மனைவி என்றால் 326ஏ அந்தச் சிறைக்காலத்தை இரட்டிப்பாக்குகிறது, ஆயுதம் என்றால் பிரிவே மாறலாம். "தள்ளினார்" என்று போயிருந்தால் இதெல்லாம் எங்கே நிற்கும்?

அப்புறம் ஆஸ்பத்திரி, டாக்டர் எழுதிய அறிக்கை, சமூகநலத் துறை அதிகாரி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. அது போலீஸ் விசாரணை முடியும் வரைக்கும்தான். மாமாவின் அண்ணன் வந்து "கேஸை வாங்கிடுங்க" என்று கெஞ்சினார். வழக்குத் தொடுப்பது அரசுத் தரப்பு வழக்கறிஞர் முடிவு, அக்கா கையில் இல்லை என்று விசாரணை அதிகாரியே சொல்லிவிட்டார். அதைக் கேட்டபின்தான் அக்கா அன்று இரவு தூங்கினாள்.

* * *

இதைப் படித்த ஒரு அக்கா எழுதிய பதில்: தங்கச்சி, நீ எழாமல் உட்கார்ந்தாயே, அதுதான் பெரிய காரியம். எனக்கு ரிப்போட் போடவே பயம். 2018-இலிருந்து அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது, சமூகநலத் துறை அதிகாரியே தருவார், நீதிமன்றமும் வேண்டாம், முதலில் ரிப்போட்டும் வேண்டாம். ஆனால் ஏழு நாள்தான் செல்லும். 15999 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. மாமியார் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்த என் ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அந்த ஆணை கையில் இருந்த ஏழு நாளில்தான் என் கைக்கு வந்தன. ஆறாம் நாள் நானே பாலாய்க்குப் போனேன்.