62 வயதில் முதல் ஆல்பம்: அமெரிக்க சோல் பாடகர் சார்ல்ஸ் பிராட்லியை நேரில் பார்த்த, கேட்ட அனுபவங்களைப் பகிருங்கள்

நியூஜெர்சியிலிருந்து:

2013இல் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், கையில் டிக்கெட் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று ப்ரூக்ளினுக்கு இழுத்துக்கொண்டு போனார். சோல் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையில் ஜேம்ஸ் பிரவுன் பெயரைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது. மேடையில் டிரம்பெட், சாக்ஸபோன், கிடார் என்று வாசித்தவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். நடுவில் ஜிகினா வைத்த உடுப்பில் வந்து நின்றவருக்கு 64 வயது. முதல் பாட்டில் ஒரு கத்தல் கத்தினார் பாருங்கள், கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். 'ஸ்க்ரீமிங் ஈகிள்' என்று ஏன் பட்டப்பெயர் வந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது.

கச்சேரி முடிந்ததும் மேடையை விட்டு இறங்கி, நின்றவர்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். என் முறை வந்தது. சட்டை முழுக்க வியர்வை. ஜிகினா கன்னத்தில் குத்தியது. அந்தக் கைகள் அவசரப்படவே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் ரொம்ப நாள் கழித்துப் பார்த்த பிள்ளையை அணைப்பது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். 1948இல் ஃபுளோரிடாவில் பிறந்து ப்ரூக்ளினில் வளர்ந்தவர். 1962இல் அக்கா கூட்டிப்போய் நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் ஜேம்ஸ் பிரவுனைக் காட்டியிருக்கிறார். 14 வயதில் வீட்டை விட்டு வெளியேறி, சப்வே ரயில்களில் படுத்துத் தூங்கியவர். பிறகு சமையல் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகச் சமையல்காரர் வேலை. ப்ரூக்ளினுக்குத் திரும்பி வந்து, 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் கிளப்புகளில் ஜேம்ஸ் பிரவுன் வேஷம் கட்டிப் பாடினார்.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் டி.எம்.எஸ். குரலில் பாடுவார். கோயில் திருவிழாக்களில் விசில் பறக்கும். ஆனால் 'உன் குரலில் ஒன்று பாடு' என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. பிராட்லியிடம் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். டாப்டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கேப்ரியல் ராத் அவரைக் கண்டுபிடித்தார். 2002இல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டு, வந்தது. பிறகு கிடார்க்காரர் டாமி பிரென்னெக்கோடு சேர்த்துவிட்டார்கள். பிராட்லியின் அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்டவர், சுட்டது உடன்பிறந்தவர் ஒருவரின் மகன். பேச்சுவாக்கில் பிராட்லி அதைச் சொன்னபோது, இதையே பாடுங்கள் என்று பிடித்துக்கொண்டவர் பிரென்னெக். 'ஹார்ட்டேக்ஸ் அண்ட் பெயின்' அப்படிப் பிறந்த பாட்டு. முதல் ஆல்பம் 'நோ டைம் ஃபார் ட்ரீமிங்' 2011 ஜனவரியில் வந்தபோது அவருக்கு வயது 62.

சென்னையிலிருந்து, ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர்:

அண்ணா, ஒரு சின்ன விளக்கம். நீங்கள் மேடையில் பார்த்தது அவருடைய சுற்றுப்பயணக் குழு. ஆல்பத்தில் வாசித்திருப்பது மெனஹான் ஸ்ட்ரீட் பேண்ட். ப்ரூக்ளினின் புஷ்விக் பகுதியில் பிரென்னெக் குடியிருந்த தெருவின் பெயர் அது. அந்த வீட்டுப் படுக்கையறையிலேயே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ராப் பாடகர் ஜே-ஸீ 2007இல் தன் 'ராக் பாய்ஸ்' பாட்டுக்கு எடுத்துக்கொண்ட பித்தளை வாத்தியப் பகுதி இவர்களுடையதுதான்.

நான் இவர்களைப் 'பழைய சவுண்ட்' என்று ஒதுக்கி வைத்திருந்தவன். ஒரு ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது டிரம்ஸ் சத்தம் மற்ற மைக்குகளுக்குள்ளும் கசிந்திருப்பது காதில் விழுந்தது. நம் வேலையில் அதைத் தவிர்க்க எவ்வளவு பாடுபடுகிறோம்! அங்கே அந்தக் கசிவுதான் அறையையே கேட்க வைக்கிறது. டேப்பில் டிராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) குறைவு என்றால், டிரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஹார்ன்கள் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், யார் எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதை வாசிக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டபடி வாசிக்கிறார்கள். டாப்டோன் ஸ்டுடியோவையே கலைஞர்கள் தங்கள் கையால் கட்டினார்கள். பாடகி ஷாரன் ஜோன்ஸ் அங்கே மின்சார வயர் இழுத்திருக்கிறார். அதற்கு முன் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக இருந்தவர் அவர்.

இன்னொன்று. பிராட்லிக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. 62 வயதில் ஒரு ஆசிரியரிடம் படித்துக்கொண்டிருந்ததை அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் பார்க்கலாம். குழு வாசித்து வைத்த மெட்டின் மேல் அவர் வாயில் வந்ததைப் பாட, அதிலிருந்து வரிகளைத் திரட்டினார்கள். மெட்டுக்குப் பாட்டு நமக்குப் புதிதல்ல. ஆனால் பாடுகிறவனின் வாழ்க்கையே வரியாக வந்து விழுவதை நான் எங்கள் கூடத்தில் பார்த்ததில்லை. அந்தப் பையன்களின் பெருமை பொறுமையில்தான் இருக்கிறது. அவர் மூச்சு வாங்கினால் தாளமும் நின்று மூச்சு வாங்குகிறது.

டொராண்டோவிலிருந்து:

நான் இஞ்ச ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில பதினெட்டு வருசமா நிக்கிறன். கோப்பை கழுவத் தொடங்கி குக்காய் வந்தனான். அந்த மனுசனும் குசினிக்காரன் எண்டு இப்ப உங்கட எழுத்தில வாசிச்சுத்தான் தெரியும்.

அம்மா 2015இல யாழ்ப்பாணத்தில மோசம் போயிட்டா. எனக்குப் பேப்பர் சரிவரேல்ல, போக ஏலாமப் போச்சு. செத்தவீட்டை ஸ்கைப்பிலதான் பாத்தனான். அழுகை வரேல்ல. அடுத்த வருசம் எங்கட குசினியில நிண்ட பெடியன் ஒருத்தன், கடை பூட்டின பிறகு ஃபோனில ஒரு வீடியோ காட்டினான். பிளாக் சபாத் எண்ட குழுவின்ர பழைய பாட்டு 'சேஞ்சஸ்', அதை இவர் பாடுறார். வீடியோ முழுக்க இவற்ற முகம் மட்டும்தான். வேற ஒண்டுமில்லை. சொண்டு நடுங்குது, கண் கலங்குது, துடைக்கிறேல்ல. தன்ர தாயை நினைச்சுப் பாடினவர் எண்டு பெடியன் சொன்னான். நான் கையில சட்டியோட நிண்டனான். அதை எப்ப கீழ வைச்சன் எண்டு தெரியாது. அண்டைக்குத்தான் அம்மாவுக்கு அழுதனான்.

2017 செப்டம்பரில அவர் வயித்துப் புற்றுநோயில போயிட்டார் எண்ட செய்தியையும் அதே குசினியிலதான் கேட்டனான். அவற்ற வேற பாட்டு ஒண்டும் எனக்குத் தெரியாது தம்பி. எதில தொடங்க?

நியூஜெர்சியிலிருந்து:

அண்ணை, 2011 ஆல்பத்திலேயே தொடங்குங்கள். 'ஒய் இஸ் இட் ஸோ ஹார்ட்' முதலில். அவர் பிழைக்க அலைந்த கதை முழுக்க அதில் இருக்கிறது. அண்ணனைப் பற்றிய பாட்டை மட்டும் வேலை நேரத்தில் போடாதீர்கள், அடுப்புப் பக்கம் கவனம் இருக்காது. 'சேஞ்சஸ்' இணைப்பைச் சித்தப்பாவுக்கு இன்று காலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. ராத்திரி கூப்பிட்டு, எனக்காக ஒரு பாட்டு அவர் குரலிலேயே பாடச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.