புதுப்பிப்பு: உள்ளரங்க ஐஸ் ஹாக்கி படங்களில் சாம்பல் நிறத் தரை, தீர்வு கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிறுவர் ஆட்டங்களில் பனித்தரை சாம்பலாக விழுகிறது, அடுத்தடுத்த படங்களில் நிறமும் மாறுகிறது என்று கேட்டிருந்தேன்.

சாம்பலைப் போக்கியது மேனுவல் மோடு (ஒளி அமைப்புகளை நாமே நிறுத்துவது) யோசனைதான். வெள்ளைத் தரையைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பலாக்கிவிடுகிறது. அதனால் ஆட்டக்காரரின் முகத்தை வைத்து அளந்து, ஷட்டர் வேகம் 1/1000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200 என்று நிறுத்திவிட்டேன். ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் கண்கள்கூடத் தெரிகின்றன!

ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிற அமைப்பை) பனித்தரையை வைத்து எடுத்தும் நிறமாற்றம் போகவில்லை. காரணம் விளக்குகளின் துடிப்பு; அந்தத் துடிப்புக்கு ஏற்பப் படமெடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் வசதியைக் கேமராவில் போட்டதும் நின்றது. தொடர்ந்து எடுக்கும் வேகம் சற்றுக் குறைகிறது, பரவாயில்லை.

எதிர்பாராத விஷயம் கண்ணாடித் தடுப்பு. லென்ஸை அதற்கு நேராக வைத்தால் தெளிவு, சாய்த்தால் படம் மங்குகிறது. லென்ஸின் முன் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பும் விழாது.