அம்மா பார்த்தது முகத்தை அல்ல, மரத்தை: செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செய்த படங்கள் பற்றிப் பேராக், சுங்கை சிப்புட்காரர்களின் அனுபவங்கள்

தோட்டத்துப் பிள்ளை:

போன மாதம் எங்கள் குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளை. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கையில் உளி, பக்கத்தில் பால்மரம் (ரப்பர் மரம்). ‘1950களில் நம் தோட்டத்துப் பாட்டி’ என்று கீழே எழுதியிருந்தது. பார்த்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் பாட்டியின் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் அடையாள அட்டைக்காக எடுத்தது. அவர் மரத்தடியில் நின்ற கோலம் எப்படி இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா 30 வருடம் பால் வெட்டியவர். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்தார்.

“யாருடா வெட்டுன மரம் இது? கோடு இடப்பக்கம் உசரத்துல ஆரம்பிச்சு வலப்பக்கமா சரிஞ்சுல்ல இறங்கணும். இது எதிர்ப்பக்கமா சாயுது.”

மரப்பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன. அதனால்தான் வெட்டை இடமிருந்து வலமாக, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் இறக்குவார்கள். அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடுதலாக வரும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்குக் கைப்பழக்கம்.

சில படங்கள் இடம் வலம் மாறிப் பதிவாகிவிடும் என்பதால் உடனே முடிவுக்கு வரவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினேன். கோடு சரியானது. அம்மா அப்போதும் தலையாட்டவில்லை. “பால் பிடிக்கிற மங்கு எங்க தொங்குது பாரு. கோட்டோட மேல் முனையில. பால் என்ன மேல ஏறியா ஊத்தும்?” பின்னால் இருந்த மரங்களிலோ பால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. நிஜத்தில் அது கோடு வழியாக மெல்ல வழிந்து, தகரத் துண்டின் நுனியிலிருந்து மங்கில் சொட்டுச் சொட்டாக விழும்.

பிறகுதான் தூரத்துப் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்து போலத்தான் இருந்தது. ஆனால் ஓர் எழுத்து ‘ழ’வும் இல்லை, ‘மு’வும் இல்லை. புதிதாக வரும் ஏஐ படங்களில் எழுத்து சரியாகவே விழுகிறது, விரல்களும் ஐந்துதான் இருக்கின்றன. விரலை எண்ணிக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. அதனால் அவரவர் தொழிலில் கைபட்ட பொருளைத்தான் முதலில் பாருங்கள் என்பேன்.

அந்தப் படத்தின் கீழே எத்தனை பேர் ‘என் பாட்டி மாதிரியே இருக்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள்! யார்மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் இல்லாத ஒரு மரத்தடியில் நம் பாட்டிமார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களே என்று மனசு வலிக்கிறது.

லயத்து அக்கா:

தம்பி, எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, நடந்ததையும் சொல்றேன். ராத்திரி கேமராவுல பதிவான மாதிரி ஒரு வீடியோ வந்துச்சு. லயத்து வாசல் வழியா புலி நடந்து போவுது. ‘நம்ம தோட்டம்தான், பாத்துக்கங்க’னு ஒரு குரல் பதிவும் கூடவே வந்துச்சு. மலேசியாக் காட்டுல இப்ப 150க்கும் குறைவான புலிதான் இருக்குனு கணக்கு சொல்றாங்க. ஆனா பேராக் காட்டுல புலி இருக்கறது உண்மைதானே, எப்படி நம்பாம இருக்கறது? மறுநாள் விடியக்காலையில மூணு பொம்பளைங்க வேலைக்கு எறங்கல. அன்னைக்குச் சம்பளம் போச்சு.

சாயங்காலம் என் மகன் அதை மெதுவா ஓட விட்டுக் காட்டுனான். மொத்தமே 8 விநாடிதான். புலி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால போயி வெளிய வந்தப்ப உடம்புல கோடு வேற மாதிரி இருந்துச்சு. மூலையில இருந்த மணி நகரவே இல்ல. எனக்கு இதெல்லாம் தோணல. எனக்குக் கண்ணுல பட்டது வாசப்படியில படுத்திருந்த நாய். புலி அஞ்சடி தூரத்துல போவுது, காதைக்கூட அசைக்கல. எங்க லயத்து நாய் உடும்பு வந்தாலே ஊரைக் கூட்டிடும்.

அந்த மூணு பேருக்கும் அன்னைக்கு ராத்திரியே நாயைக் காட்டிக் காட்டி விளக்குனேன்.

பழைய கிராணி (தோட்ட எழுத்தர்):

நம் மாநிலத்தில் நடந்ததையே சொல்கிறேன். குவாக் ஹுலுவில் மலைமேல் கேபிள் கார் ஓடுவதாக ஒரு வீடியோ வந்தது. செய்தியாளர் பேட்டி எடுக்கிறார், பயணிகள் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். அதை நம்பி வயதான ஒரு தம்பதி கோலாலம்பூரிலிருந்து கிரிக் வரைக்கும் காரில் வந்துவிட்டதாக 2025 ஜூலையில் செய்தி பரவியது. அங்கே கேபிள் காரே கிடையாது. கூகளின் வியோ 3 என்ற ஏஐ கருவி செய்த வீடியோ அது. அதன் பெயர் கீழ் வலது மூலையில் சின்னதாக இருந்தது. ஆனால் புலனத்தில் கைமாறி வரும்போது ஓரம் வெட்டுப்பட்டுவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும்.

என் பேத்தி ஒரு வழி காட்டினாள். சந்தேகப்படும் படத்தைக் கூகளின் ஜெமினி செயலியில் ஏற்றி, ‘இது கூகள் ஏஐ செய்ததா?’ என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி என்ற முத்திரை உள்ளே இருந்தால் சொல்லிவிடும். அந்த முத்திரை போடாத கருவியில் செய்தது என்றால் அதற்குப் பிடிபடாமல் போகலாம். ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் படம் உண்மை என்று ஆகிவிடாது.

பணம் போட்டால் பெருகும் என்று ஒரு தலைவரே பேசுவது போன்ற வீடியோவில் என் நண்பர் சேமநிதிப் பணத்தை விட்டுவிட்டார். வாய் அசைவு பேச்சோடு ஒட்டவில்லை என்பதைப் பணம் போன பிறகுதான் கவனித்தோம். விஷயம் தெரிந்தவுடன் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும், பணம் கைமாறிப் போவதற்கு முன்னால். நாங்கள் இரண்டு நாள் தயங்கிவிட்டோம்.

தோட்டத்துப் பிள்ளை:

அக்கா, அந்த நாய் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். “அது சரி, அந்தப் பொண்ணு லயத்துல பொறந்தவ” என்றார்.

பாட்டியின் அடையாள அட்டைப் படத்தை நேற்று குடும்பப் புலனத்தில் போட்டேன். எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் வைத்திருந்தது என்று கூடவே எழுதினேன். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய படம் இருந்தால் நீங்களும் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். சிலவற்றில் ஸ்டூடியோ முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிவைத்த பெயரும் இருக்கும்.