மூச்சு வாங்கும்போது உங்கள் வீட்டில் எது உதவியது?

காசிமேட்டிலிருந்து ஒரு மகள்:

நைனாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கடைசி இரண்டு மாதம் வலியைவிட மூச்சுத்திணறல்தான் அவரை வாட்டியது. பாத்ரூம் போய்வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பதறிப்போய் ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் 95, 96 என்று காட்டும். ஆனாலும் "மூச்சு முட்டுதும்மா" என்பார். எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்காதான் விளக்கினார். ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது சிலிண்டரால் பெரிதாகப் பலன் இருக்காதாம். முகத்தில் காற்று படுவதுதான் சுகம். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்பு அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்ல, திணறுகிற உணர்வு தணிகிறது. பர்மா பஜாரில் சின்ன பேட்டரி ஃபேன் ஒன்று வாங்கினோம். முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் தோள்பட்டை இறங்கும். அதைப் பார்க்கும்போதே எங்களுக்கும் உயிர் வந்ததுபோல இருக்கும். பேட்டரி தீர்ந்த ஒரு ராத்திரி முழுக்க அம்மா பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்தினோம். எதிரே ஸ்டூலில் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் கை ஊன்றி முன்னால் சாயவைத்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர்களை, மனசு கேட்காமலேயே, வாசலில் உட்காரச் சொன்னேன். ஒற்றை அறை வீடு, பத்து பேர் சூழ்ந்து நின்றால் நமக்கே மூச்சு முட்டும்.

மார்பின் என்கிற வலி மருந்தை டாக்டர் எழுதியபோதுதான் பெரிய சண்டை. "அது சாகறதுக்குக் குடுக்கற மருந்து" என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. குறைந்த அளவில் தொடங்கிக் கவனித்துக் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது, திணறலைத்தான் தணிக்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் சேர்த்தே மருந்து எழுதினார். மாத்திரை ஆரம்பித்த பிறகு நைனா ராத்திரி தூங்கினார். நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த பத்து நாளும் அவர் தூங்காமல் கிடந்தார். அது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அக்கா, எங்கள் அம்மாவுக்கு வேறு கதை. பல வருஷம் விறகடுப்புப் புகை, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவருக்கு ஆக்சிஜன் அளவே இறங்கிவிடும், அதனால் டாக்டர் சொன்ன அளவில் ஆக்சிஜன் வைத்தோம். இதைப் படிப்பவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அம்மாவுக்குப் பயம் வந்தால் இளைப்பு கூடும், இளைப்பு கூடினால் பயம் கூடும். அப்போது எதிரே உட்கார்ந்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவேன். என்னைப் பார்த்து அவரும் விடுவார். அப்புறம், கொசுவத்தியையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் அடியோடு நிறுத்தினோம். கடைசி நாட்களிலும் உங்கள் நைனாவுக்கு அந்த ஃபேன் உதவியதா?

காசிமேட்டு மகள்:

உதவியதும்மா. பேச்சு நின்ற பிறகும் கண்ணால் அதைத்தான் தேடினார். மத்தியானம் கடல்காற்று ஏறியதும் ஃபேனை அணைத்துவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.