மினி லேத்துக்கு எந்த குயிக்-சேஞ்ச் டூல் போஸ்ட்?

கேள்வி: 7×14 மினி லேத் (இன்ச் அளவு, சின்னக் கடைசல் மெஷின்). கூட வந்த நாலு பக்க டூல் போஸ்ட்ல (வெட்டுற டூலைப் பிடிக்கற கட்டை) ஒவ்வொரு டூலுக்கும் தகடு வெச்சு உயரம் சரிக்கட்டியே பொழுது போகுது. டூலைச் சட்டுனு மாத்தற குயிக்-சேஞ்ச் போஸ்ட்ல எந்த அளவு, சின்ன 0எக்ஸ்ஏ வாங்கவா, பெரிய ஏஎக்ஸ்ஏ வாங்கவா? பூட்டறதுக்குப் பிஸ்டனா, வெட்ஜா (ஆப்பு)?

பதில் 1: பேரைப் பார்த்து வாங்காதீங்க, முதல்ல அளங்க. கம்பவுண்ட் (போஸ்ட் உக்கார்ற சறுக்குத் தட்டு) மேல்பரப்புல இருந்து சென்டர் (வேலைத்துண்டு சுத்தற அச்சு) வரைக்கும் எத்தனை மி.மீ.? ஹோல்டர்ல (டூலைச் செருகிப் போஸ்ட்ல மாட்டற துண்டு) பள்ளத்துக்குக் கீழ இருக்கற தடிமனும் டூல் ஷேங்க் (டூலோட தண்டு) உயரமும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. தாண்டினா ஹோல்டரை அடிமட்டம் இறக்கினாலும் முனை சென்டருக்கு மேலதான் நிக்கும். 7 இன்ச் ஸ்விங்குக்கு (லேத்ல சுத்தக்கூடிய அதிகபட்ச விட்டம்) 0எக்ஸ்ஏ போதும், 10 மி.மீ. ஷேங்க் எடுங்க.

பதில் 2: வெட்ஜ்தான் என் ஓட்டு. ஹோல்டரைப் போஸ்டோட இழுத்து ஒட்டவைக்கும். பிஸ்டன் வெளியே தள்ளித்தான் பிடிக்கும். லேசான வேலைக்குப் பரவாயில்ல, பார்ட்டிங் (துண்டா வெட்டி எடுக்கறது) பண்றப்ப அதிரும்.

பதில் 3: ஸ்டட்டையும் (போஸ்டை இறுக்கற போல்ட்) பாருங்க. மினி லேத்ல பெரும்பாலும் 10 மி.மீ.தான், போஸ்ட் ஓட்டை பெருசா இருந்தா ஒரு புஷ் (ஓட்டைக்குள்ள நுழையற வளையம்) கடைஞ்சு போடுங்க. வெறும் வாஷரை நம்பினா போஸ்ட் நகரும்.

கேள்வி கேட்டவர்: நன்றிண்ணே. சென்டர் உயரத்தை எப்படிப் பார்க்கறது?

பதில் 1: சக்ல (வேலைத்துண்டைப் பிடிச்சுச் சுத்தற பிடி) உருண்டைக் கம்பி மாட்டி, லேத்தை நிறுத்திட்டு, கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவுல மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசா அழுத்திப் பிடிங்க. செங்குத்தா நின்னா சரி. மேல்முனை உங்க பக்கம் சாஞ்சா டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாஞ்சா உயரம்.