குடை பாட்டோடு சேர்ந்து துள்ளவில்லை, 10 வினாடியில் தாளம் தப்புகிறது – ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் (அனிமேஷன் மென்பொருள்) உதவி தேவை

முத்துக்குடை:
வணக்கம் நண்பர்களே. ஒரு சாதாரணக் கறுப்புக் குடையைப் பாட்டுக்கு ஏற்ப ஆடவைத்து ஒரு நிமிட வீடியோ செய்துகொண்டிருக்கிறேன். கம்பு, கைப்பிடி, துணி மூன்றையும் தனித்தனி ஷேப் லேயராக (வடிவ அடுக்காக) வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு பீட்டுக்கும் (தாள அடிக்கும்) கைப்பிடி தரையைத் தொட்டு எழும்ப வேண்டும். பல்லவி வரும்போது துணி முழுதாக விரிய வேண்டும்.

பாட்டு என் நண்பர் கணினியிலேயே அமைத்தது. 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 பீட். எல்லாம் மெஷின் டிரம் என்பதால் வேகம் எங்கேயும் மாறாது. என் காம்பொசிஷன் (வீடியோவை அமைக்கும் களம்) வினாடிக்கு 24 ஃபிரேம். வேவ்ஃபார்மை (ஒலியின் அலை வரைபடத்தை) பார்த்து முதல் பீட்டில் ஒரு கீஃபிரேம் (பொருளின் நிலையைக் குறிக்கும் புள்ளி) வைத்தேன், 14 ஃபிரேம் தள்ளி அடுத்தது, நடுவில் உச்சி. அதையே திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்அவுட் எக்ஸ்பிரஷன் (சிறு கட்டளை வரி) போட்டு ஓடவிட்டேன்.

முதல் நாலைந்து துள்ளல் கச்சிதம். அப்புறம் குடை பாட்டை முந்த ஆரம்பிக்கிறது. 10 வினாடி தாண்டியதும் டிரம் விழும் நேரத்தில் குடை உச்சியில் நிற்கிறது. எனக்குப் புரியவே புரியாத விஷயம், 21, 22 வினாடி வாக்கில் தானாகவே மறுபடி சேர்ந்துகொள்கிறது! ஏழெட்டு துள்ளல் நன்றாக இருக்கும், பிறகு மறுபடியும் விலகல்தான்.

இதற்கு முன், ஒலியைக் கீஃபிரேமாக மாற்றும் கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ் வைத்தும் பார்த்தேன். குடை காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது, துள்ளவில்லை. மூன்று இரவாக இதிலேயே இருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

ஒலிநாடா:
எம்பி3 கோப்பையா போட்டிருக்கிறீர்கள்? அப்படியானால் முதலில் அதை மாற்றுங்கள். எம்பி3 ஆக்கும்போதே தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். பிட் ரேட் (வினாடிக்கான தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் கோப்பாக இருந்தால் இன்னும் சிக்கல். நண்பரிடம் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பிரிவ்யூவில் பச்சைக் கோடு (படம் ஓட்டத் தயார் என்று காட்டுவது) முழுதாக நிரம்பும் முன் பார்த்துவிட்டுத் தாளம் தப்புகிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

முத்துக்குடை:
எம்பி3தான் வைத்திருந்தேன். இப்போது வேவ் வாங்கிப் போட்டுவிட்டேன், பச்சைக் கோடும் நிரம்பிய பிறகுதான் பார்த்தேன். முதல் பீட் இன்னும் துல்லியமாக உட்கார்ந்தது. ஆனால் 10 வினாடி, 21 வினாடி கதை அப்படியே இருக்கிறது.

சட்டகம்24:
அந்த 21 வினாடியை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. காரணம் அதிலேயே இருக்கிறது.

100 பிபிஎம் என்றால் ஒரு பீட்டுக்கு 0.6 வினாடி. 24-ஆல் பெருக்கினால் 14.4 ஃபிரேம். நீங்கள் வைத்திருப்பது 14. ஒவ்வொரு துள்ளலிலும் 0.4 ஃபிரேம் மிச்சமாகிறது. ஒன்றிரண்டு பீட்டில் கண்ணுக்குத் தெரியாது. 18-வது பீட்டில், அதாவது 10.8 வினாடியில், அது 7.2 ஃபிரேம் ஆகிவிடும். சரியாக அரை பீட். அதனால்தான் டிரம் விழும்போது குடை மேலே நிற்கிறது. 36 பீட்டில் மிச்சம் 14.4 ஆகி, குடை முழுசாக ஒரு துள்ளல் கூடுதலாகத் துள்ளிவிடுகிறது. பாட்டில் 36, குடையில் 37. 36-ஐ 0.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 21.6 வினாடி. இது கோப்பின் கோளாறும் இல்லை, கணினியின் கோளாறும் இல்லை. ஃபிரேமுக்கு முழு எண்தான் உண்டு, பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

எளிய வழி காம்பொசிஷனை 25 ஃபிரேமுக்கு மாற்றுவது. அப்போது ஒரு பீட் சரியாக 15 ஃபிரேம். 30 என்றால் 18. இரண்டிலும் மிச்சம் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபிரேம் ரேட்டை மாற்றினால் பழைய கீஃபிரேம்கள் அதே நேரத்திலேயே நிற்கும், புதிய ஃபிரேம் எல்லையில் தானாக வந்து உட்காராது. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

24-ஐ விடவே முடியாது என்றால் எக்ஸ்பிரஷனில் ஃபிரேமை எண்ணாதீர்கள், நேரத்தை எண்ணுங்கள். இப்போதைய நேரத்திலிருந்து முதல் பீட்டின் நேரத்தைக் கழித்து, 0.6-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி 0.6-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பீட்டுக்கும் 0-இல் தொடங்கி 1 வரை போகும் எண் கிடைக்கும். அந்த எண், 1-இலிருந்து அதைக் கழித்தது, இந்த இரண்டையும் பெருக்கி 4-ஆல் பெருக்குங்கள். இரு ஓரத்திலும் 0, நடுவில் 1. அதைத் துள்ளும் உயரத்தால் பெருக்கி ஒய் நிலையிலிருந்து கழித்துவிடுங்கள். இங்கேயும் படம் ஃபிரேம் எல்லையில்தான் மாறும். ஆனால் பிழை அரை ஃபிரேமைத் தாண்டாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யாது.

பழைய திரைப்பட இசைக்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. கிளிக் டிராக்கை (இசைக்காரர் காதில் தாளம் காட்டும் டிக் ஒலியை) அவர்கள் ஃபிரேமில்தான் அளந்தார்கள், ஒரு ஃபிரேமை எட்டாகப் பிரித்து. உங்கள் பாட்டை அவர்களிடம் கொடுத்திருந்தால் 14 ஃபிரேமும் எட்டில் மூன்றும் என்று குறித்திருப்பார்கள். 14.375. எவ்வளவு கிட்டே வந்திருக்கிறார்கள் பாருங்கள்!

முத்துக்குடை:
அண்ணா, 25-க்கு மாற்றி 15 ஃபிரேமில் வைத்துவிட்டேன். கடைசி பீட் வரை பிசகவில்லை! மிக்க நன்றி. மூன்று இரவும் கோப்பையும் கணினியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. தாளம் சரி, ஆனால் குடைக்குக் கனமே இல்லை. தண்ணீருக்குள் மிதக்கிற மாதிரி இருக்கிறது. கீஃபிரேம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஈஸி ஈஸ் (தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தணிக்கும் அமைப்பு) போட்டிருக்கிறேன்.

வரைகோடு:
மிதப்பது அந்த ஈஸி ஈஸால்தான். தரையைத் தொடும் இடத்திலும் அது வேகத்தைக் குறைத்துவிடுகிறது. எறிந்த பொருள் உச்சியில்தான் மெதுவாகும், தரையில் வந்து மோதும்போது வேகம் அதிகமாக இருக்க வேண்டும். பொசிஷனை எக்ஸ், ஒய் என்று பிரித்துவிட்டு ஒய்க்கு மட்டும் கிராஃப் எடிட்டரை (அசைவை வளைகோடாகக் காட்டும் பலகையை) திறங்கள். உச்சிக் கீஃபிரேமில் வளைவை இழுக்கும் பிடிகள் கிடையாக இருக்கட்டும். ஒய் கீழ்நோக்கிக் கூடுவதால் கிராஃபில் தரைதான் மேலே தெரியும்; அங்கே இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கூராக இறங்க வேண்டும், வளைவு ஒரு வரிசைக் கூடாரம் மாதிரித் தெரியும். மேலே சொன்ன எக்ஸ்பிரஷனைப் போட்டிருந்தால் இந்த வளைவு தானாகவே வந்திருக்கும். ஆங்கர் பாயின்ட்டை (பொருள் சுழலும் மையப் புள்ளியை) கைப்பிடியின் அடியில் கொண்டுபோய் வைக்கவும் மறக்காதீர்கள். அது நடுவில் இருந்தால் சாய்க்கும்போது கால் வழுக்கும்.

அடுத்தது நசுங்கல். எல்லோரும் முழுப் பொருளையும் நசுக்குவார்கள். அகலம் 110 என்றால் உயரம் 91, பரப்பு மாறாதிருக்க அது சரியான கணக்குதான். பந்துக்கும் தலையணைக்கும் அது பொருந்தும். குடைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். கம்பு நசுங்கினால் அது ரப்பர் குடையாகிவிடும், பார்ப்பவர் மனம் நம்பாது. கம்பை விறைப்பாகவே விடுங்கள். அடியைத் துணி வாங்கட்டும்.

ஒரு குடையைப் பாதி திறந்து கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், நான் இப்போது அதைத்தான் செய்துவிட்டு எழுதுகிறேன். மேலே தூக்கும்போது காற்று மேலிருந்து அழுத்தித் துணி உள்ளே கூம்பும். இறங்கும்போது அடியிலிருந்து காற்று புகுந்து ஓரங்கள் மேலே தூக்கும். சட்டென்று நிறுத்தினால் கம்பு நின்றுவிடும், கம்பி முனைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே போய், ஒரு தடவை துடித்துத் திரும்பும். உங்கள் 15 ஃபிரேமில் அந்தத் துடிப்புக்கு 4 கொடுங்கள்: தரை தொட்ட பிறகு 2 ஃபிரேமில் ஓரம் மிகக் கீழே, அடுத்த 2-இல் திரும்பி வரட்டும். நடுத்துணியை விட ஓரம் எப்போதும் ஒன்றிரண்டு ஃபிரேம் பின்னால் வரட்டும். கனம் அங்கிருந்துதான் வரும்.

பல்லவியில் துணி விரியும்போது பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டால், மூடிய குடையின் பாத்துக்கும் (வடிவக் கோட்டுக்கும்) திறந்த குடையின் பாத்துக்கும் முதல் புள்ளி வேறாக இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் கம்பின் நுனியையே முதல் புள்ளியாக்குங்கள், செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ் அதற்குத்தான்.

ஒலிநாடா:
நடுக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கன்வர்ட் ஆடியோ டு கீஃபிரேம்ஸ் ஒவ்வொரு ஃபிரேமிலும் மொத்த ஒலியின் அளவைத்தான் எடுக்கும். அதற்குப் பாட்டு, வயலின், டிரம் எல்லாம் ஒன்றுதான். ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்று அது சொல்லும், பீட் எங்கே என்று சொல்லாது. அதனால் துள்ளலுக்கு அது ஆகாது. துணியின் சின்னச் சின்ன அசைவுக்கு வேண்டுமானால் அருமையாக உதவும். நண்பரிடம் டிரம் மட்டும் தனியாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் லோ பாஸ் ஃபில்டரை 120 ஹெர்ட்ஸ் வாக்கில் வைத்துத் தாழ்ந்த ஒலியை மட்டும் வேறு கோப்பாக எடுங்கள். மற்ற ஒலி லேயர்களை அணைத்துவிட்டு அந்தக் கோப்பை மாற்றினால் நடுக்கம் பெரும்பாலும் போய்விடும்.

முத்துக்குடை:
எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். வீட்டில் இருக்கும் குடையையே அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்துத்தான் துணியின் கீஃபிரேம்களை வைத்தேன். ஓரம் 2 ஃபிரேம் பின்னால் வந்ததும் அது பொம்மையாகத் தெரியவில்லை, குடையாகத் தெரிகிறது. முழுப் படத்தையும் 1 ஃபிரேம் முன்னால் நகர்த்தினேன், டிரம்மும் கைப்பிடியும் இன்னும் ஒட்டிக்கொண்டன. டிரம் ஒலியை மட்டும் எடுத்துத் துணியின் மடிப்புகளோடு இணைத்திருக்கிறேன், லேசாகத் துடிக்கிறது.

பாட்டு முடிவதற்கு முன் 4 பீட் டிரம் நின்றுவிடும். அங்கே குடையையும் நிறுத்திவிட்டேன். கம்பு அசையாமல் நிற்க, ஓரம் மட்டும் மெல்ல அடங்குகிறது. இன்றிரவு நண்பருக்கு அனுப்புகிறேன்.